பிரிவு விழாவில் அவள் பேசியது

அந்தப் பேச்சு முடிந்ததும் முதலில் கைதட்டியவர் மாப்பிள்ளைதான். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருந்தார். கனமான எஃகுப் பட்டை போட்ட கைக்கடிகாரம் ஒவ்வொரு தட்டுக்கும் மணிக்கட்டில் ஏறி இறங்கியது. முகம் நிறையப் பெருமை. பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தோம். தனியாக ஒரு மனிதர் கைதட்டும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பிறகு எங்கள் ஆசிரியை மெல்லக் கைதட்டத் தொடங்கினார். அவரைப் பார்த்து நாங்களும் தட்டினோம். வெளியே துலா மாதத்து, நம் ஐப்பசியின், மழை இறங்கப்போகிற இருட்டு. மணி நான்குதான் இருக்கும். அதற்குள் மாடியில் விளக்குப் போடவேண்டியிருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து டைப்பிஸ்ட் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்த நான், பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் படிப்புக்கென்று சொன்னால் மட்டுமே விடுதிக் காப்பாளர் வெளியே விடுவார். என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் பெரிதாக யோசிக்கவில்லை. வழுதக்காட்டில் ஒரு வீட்டு வாசலில் கண்ட பலகையை நம்பி உள்ளே போனேன். ஜப்பானியக் கலாசாரச் சங்கம் என்று பெரிய பெயர். உண்மையில் அது ஒரு வீட்டு மாடி, நான்கைந்து கோரைப்பாய், ஒரு கரும்பலகை. கப்பல் கட்டும் பயிற்சிக்காக ஜப்பானுக்குப் போன மலையாளி இஞ்சினீயர் ஒருவர் அங்கே மணந்து அழைத்து வந்த அம்மையார்தான் எங்கள் ஆசிரியை. சென்செய் என்று அழைப்போம். அவர்கள் மொழியில் ஆசிரியருக்கு அதுதான் சொல். மலையாளத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கடித்துப் பேசுவார். மொழி சொல்லிக்கொடுப்பார், பூ அடுக்கக் கற்றுக்கொடுப்பார், அவர்கள் ஊர்ப் பழக்கவழக்கங்களை மணிக்கணக்காக விவரிப்பார். வந்தவர்களில் தபால்தலை சேர்ப்பவர் உண்டு, இறால் வியாபாரம் செய்ய நினைத்தவர் உண்டு, என்னைப் போல விடுதியை விட்டு வெளியே வரக் காரணம் தேடியவர்களும் உண்டு.

உண்மையாகவே படித்தவள் ஒருத்திதான். அவள் என் தோழி. கரமனை அக்கிரகாரத்துப் பெண். தொலைபேசி நிலையத்தில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று பேசிப் பேசி, குரலை மட்டும் கேட்டே ஆள் பொய் சொல்கிறானா நிஜம் சொல்கிறானா என்று கண்டுபிடிப்பாள். சென்செய் ஒரு வாக்கியம் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்; திருப்பிச் சொல்லும்போது சென்செயின் குரலே வரும். நான் நோட்டில் எழுதி எழுதித் திணறுவதைப் பார்த்து, "எழுதாதேடீ, கேளு. கேட்டா மதி, பாஷை தானா வரும்" என்பாள். மதி என்றால் அங்கே போதும். எனக்கு வரவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. சங்கத்திலிருந்து தம்பானூர் வரை இருவரும் நடந்துபோய், அவள் கரமனை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நான் விடுதிக்குத் திரும்புவேன்.

அவளுக்கு வந்த வரன்தான் எல்லோரையும் வியக்கவைத்தது. மாப்பிள்ளை பம்பாய்த் தமிழர். ஜப்பானில் கோபே நகரத்தில் முத்து வியாபாரக் கம்பெனி ஒன்றில் மானேஜர். அங்கே போய் ஒன்பது வருடம் ஆகிறது. யாரோ ஒரு உறவுக்காரரின் உறவுக்காரர் வழியாக வந்த சம்பந்தம். தாயில்லாத பெண்ணை வளர்த்த அவளுடைய அப்பா, கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பூரித்துப்போனார். பெண் ஜப்பான் பாஷை படிக்கிறாள். ஜப்பானிலிருந்து மாப்பிள்ளை வருகிறான். இது தெய்வம் நடத்துவதில்லாமல் வேறென்ன என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கொஞ்சம் நாள் போகட்டும், அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "பின்னே எதுக்குடீ இந்தப் பாஷையைப் படிச்சே?" என்று அப்பா கேட்டார்.

மாப்பிள்ளைக்கு அதிக லீவு கிடையாது என்று எல்லாம் அவசரமாக நடந்தது. கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அவர் தரப்பில் சித்தப்பா என்று ஒருவர் மட்டும் வந்து, சாப்பிட்டுவிட்டு அன்றே போய்விட்டார். மற்றச் சடங்குகளைப் பம்பாயில் தன் அத்தை நடத்தி வைப்பாள், பாஸ்போர்ட்டையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி, மாப்பிள்ளை தம்பானூரில் ஒரு லாட்ஜிலேயே தங்கிக்கொண்டார். பெண்ணின் பெட்டியையும் முன்கூட்டியே லாட்ஜுக்கு வரவழைத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்கு அது பக்கம் அல்லவா. வேலையை ராஜினாமா செய்யச் சொன்னதும் அவர்தான். கடைசி நாள் வேலை முடிந்து வந்தவளைக் கரமனைப் பாலத்துக்கருகில் சந்தித்தேன். கல்யாணப் பெண்ணின் முகமாக அது இல்லை.

"ஜப்பானைப் பத்திக் கேட்டா சிரிக்கறார்டீ. வந்து பாருங்கறார். வேற ஒண்ணும் சொல்றதில்லை" என்றாள்.

"ஆம்பிளைங்க அப்படித்தான். போய்ப் பாத்தா எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

அவர்கள் பம்பாய் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் சங்கத்தில் பிரிவு விழா வைத்தோம். காலையிலிருந்தே காற்றில்லை. கூரைக்கு மேல் கறுப்பு ஏறிக்கொண்டே போனது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் வரவில்லை. நாங்கள் மடித்துக் கட்டிய காகிதக் கொக்குகள் நூலில் ஆடாமல் தொங்கின. சென்செய் பயறும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்திருந்தார். கிமோனோ உடுத்தி, தலையைத் தூக்கி வாரிக் கட்டி, காலையிலிருந்தே வாசலைப் பார்த்தபடி இருந்தார். அவர் பிறந்த ஊர் கோபேக்குப் பக்கத்துக் கிராமம். திருவனந்தபுரத்துக்கு வந்தபின் அந்த நகரத்தைப் பார்த்த ஒரு மனிதரையும் அவர் சந்தித்ததில்லை. அவர் அவ்வளவு பரபரத்து நான் பார்த்ததே கிடையாது.

மாப்பிள்ளையும் தோழியும் அவள் அப்பாவும் ஒரே டாக்சியில் வந்தார்கள். சென்செய் படிவரை இறங்கிப்போய்க் குனிந்து வணங்கி, ஜப்பானிய மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். "ஹாய், ஹாய்" என்று தலையாட்டினார் மாப்பிள்ளை. ஹாய் என்றால் ஆமாம் என்று அர்த்தம். சென்செய் இன்னொன்று கேட்டார். அதற்கும் ஹாய். மூன்றாவதாகக் கேட்டபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "இன்றைக்கு நான் லீவில் இருக்கிறேன் மேடம், அந்த மொழிக்கும் லீவு" என்றார். அப்பா உரக்கச் சிரித்தார். சென்செயும் சிரித்தார். முதலில் எப்போது வந்தீர்கள் என்றும், பிறகு எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றும் அவர் கேட்டிருந்தார். அது எங்களில் பாதிப் பேருக்காவது புரிந்திருந்தது. ஆமாம் என்பது இரண்டுக்குமே பதிலில்லை.

தேநீர் ஊற்றும்போது சென்செய் ஆங்கிலத்துக்கு மாறினார். உங்கள் அலுவலகம் மலைப்பக்கமா, கடல்பக்கமா என்று கேட்டார். அது சாதாரண விசாரிப்பு. கோபே நகரம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு பட்டை நிலம். அங்கே வடக்கு தெற்கு என்று யாரும் வழி சொல்வதில்லை, மலைப்பக்கம் கடல்பக்கம் என்றுதான் சொல்வார்கள் என்பதை வகுப்பில் நாங்கள் எத்தனையோ தடவை கேட்டிருந்தோம். துறைமுகத்துக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும் படம் ஒன்று அந்தச் சுவரிலேயே மாட்டியிருந்தது. படத்தின் கீழே கோபே என்று எழுதியிருந்தது, ஆனால் ஜப்பானிய எழுத்தில்.

"மலையா?" என்றார் மாப்பிள்ளை. "கோபேயில் ஏது மேடம் மலை? பம்பாய் மாதிரி எல்லாம் சமதரை."

சென்செய் கெண்டியைச் சாய்த்தபடியே நின்றார். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். என் தோழி கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள், பிறகு கணவரின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தாள். டிரங்க் காலில் பேசுகிறவனின் குரலைக் கேட்டபடி கண்ணை மூடுவாளே, அதுபோல ஒரு கணம் மூடித் திறந்தாள். தூரத்தில் முதல் இடி உருண்டது.

சங்கத்தை விட்டுப் போகிறவர்கள் ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசி விடைபெறுவது எங்கள் வழக்கம். அவள் தயாரித்திருந்த பேச்சை எனக்கு முன்பே சொல்லிக் காட்டியிருந்தாள். முதல் வகுப்பில் வணக்கம் சொல்வதற்குப் பதில் நல்லிரவு சொன்ன கதையோடு அது தொடங்கும். எழுந்து, குனிந்து வணங்கி, அந்தக் கதையைச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அடுத்து வரவேண்டியது சென்செய்க்கு நன்றி. ஆனால் வந்தது வேறு. அதே இனிமையான குரல். முகத்தில் அதே புன்னகை. அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள், கணவரைக் கைகாட்டினாள். "வகரிமசென்" என்றாள். புரியாது என்று பொருள். இவருக்கு நம் மொழி புரியாது. "உசோ" என்றாள். பொய். "கோவாய்" என்றாள். பயமாக இருக்கிறது. எனக்கு மொழி வராது என்று சொன்னேன் அல்லவா. அன்று அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் வந்து விழுந்தன. அதற்கு முந்தின மாதம்தான் விருப்பத்தையும் விருப்பமின்மையையும் சொல்லும் பாடத்தைச் சென்செய் நடத்தியிருந்தார். சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொன்ன பாடம் அது. "இகிதகுனாய்" என்று அவள் முடித்தாள். எனக்குப் போக விருப்பமில்லை. பிறகு சென்செய் பக்கம் திரும்பி, தயவுசெய்யுங்கள் என்று குனிந்து நெடுநேரம் நிமிராமல் நின்றாள்.

"என்ன அழகாப் பேசறா, பாத்தேளா!" என்று அவள் அப்பா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மாப்பிள்ளை கைதட்டினார்.

சென்செய் எழுந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மனிதரை நோக்கிக் கைநீட்டிக் கத்துவார் என்றுகூட நினைத்தேன். அவர் மிகச் சாந்தமாக, முதலில் அப்பாவுக்காக மலையாளத்திலும் பிறகு மாப்பிள்ளைக்காக ஆங்கிலத்திலும் பேசினார். தொலைதூரம் போகிற மணப்பெண் பயணத்துக்கு முந்தின இரவைத் தன் ஆசிரியை வீட்டில் கழிக்கவேண்டும், விடிந்ததும் ஆசிரியையே அவளைக் கொண்டுபோய்க் கணவனிடம் ஒப்படைப்பாள், இது எங்கள் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம் என்றார். "ஒன்பது வருடம் அங்கே இருந்தவர். உங்களுக்குத் தெரியாததா?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"தெரியாமல் என்ன!" என்றார் மாப்பிள்ளை. "அங்கே எல்லாக் கல்யாணத்திலும் உண்டே. நானே எத்தனை பார்த்திருக்கிறேன்!"

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. இரண்டு வருடமாக அவர்கள் ஊர் வழக்கங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தபால்தலை சேர்ப்பவர் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் மழை கொட்டத் தொடங்கியது, விளக்கு அணைந்தது. இருட்டில் மாப்பிள்ளையின் சிகரெட் முனை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. காலையில் ஸ்டேஷனில் பார்ப்போம் என்று சொல்லி அவர் டாக்சியில் ஏறிப் போனார்.

அவர் போனதும் சென்செயும் அவருடைய கணவரும் அப்பாவைக் கீழே தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்ப விரும்பவில்லை.

"ஒரு மலை தெரியலைன்னு கல்யாணம் கழிஞ்ச பொண்ணைத் தடுத்து வைக்கறேளா டீச்சர்?"

தோழி அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, எனக்குப் போக இஷ்டமில்லை. அன்னிக்கே சொன்னேன்."

"இஷ்டத்தைப் பத்தி இப்போ யார் கேட்டா? தெருவில நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

சென்செய் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். "வழக்கம் வழக்கம்தான். உங்கள் மருமகனே ஒத்துக்கொண்டார். நாளைக் காலை வரை இவள் என் வீட்டுப் பெண்" என்றார். அவர் கோபமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அந்த மலையாளத்தில் ஒரு பிழைகூட இல்லை. இஞ்சினீயர் லாட்ஜுக்குப் போன் போட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கோபேயில் என் மைத்துனர் இருக்கிறார், உங்கள் கம்பெனியின் பெயரும் விலாசமும் சொன்னால் அவரை வந்து பார்க்கச் சொல்கிறேன் என்றார். காலையில் எழுதித் தருகிறேன் என்று பதில் வந்தது.

காலையில் அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. இஞ்சினீயரும் அப்பாவும் லாட்ஜுக்குப் போனார்கள். மூன்று பேரும் விடிவதற்கு முன்பே காலி செய்துவிட்டதாக மானேஜர் சொன்னார். எந்த மூன்று பேர் என்று அப்பா கேட்டார். பக்கத்து அறையில் அவரோடு வந்த இரண்டு ஆண்கள் தங்கியிருந்தார்களே, தெரியாதா என்றார் மானேஜர். பெண்ணின் பெட்டி அறையிலேயே இருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. பட்டுப்புடவைகள், வெள்ளிப் பாத்திரங்கள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்பா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சென்செய் வீட்டுக் கூடத்தில் வைத்து, "நல்லவேளை, ஒண்ணும் போகலை" என்று மூச்சு விட்டார். சென்செய் அந்தப் பெட்டியைப் பார்த்தபடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்படியானால் அவன் இதற்காக வரவில்லை" என்றார். என் தோழி என் கையைப் பிடித்தாள்.

போலீசுக்குப் போகலாம் என்று அவள் அன்றே சொன்னாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பயணம் தள்ளிப்போயிருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாம், ஒருத்தரும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று எங்களிடமெல்லாம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அவள் அடங்கிப்போனாள். கழுத்தில் தாலியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மாதங்கள் போயின. சங்கத்துக்கு அவள் வரவில்லை. சனிக்கிழமைகளில் நான் கரமனைக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். டெலிபோன் மணி எங்கே அடித்தாலும் திடுக்கிடுவாள். "அவன் வேற எங்கேயோ இப்போ பொண்ணு பார்த்துண்டிருப்பான்டீ" என்று ஒருநாள் சொன்னாள்.

மறுவருடம் ஓணத்துக்கு முன்பு, விடுதிக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையில் காணவில்லை என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று கொடுத்தது. மாலையும் கழுத்துமாக நிற்கும் ஒரு ஜோடியின் படம். கணவருடன் வடக்கே ரயிலேறிய மகளிடமிருந்து தகவலே இல்லை என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது மீசை இருந்தது. கையில் அதே கடிகாரம்.

பத்திரிகையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்பா எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "போலீஸ் ஸ்டேஷனுக்கு" என்றாள். அவர் வாசற்படியை மறித்து நின்றார். அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கை கூப்பினேள், நான் வாயை மூடிண்டேன். அந்தப் பொண்ணு போயிட்டா. இனி முடியாதுப்பா." அவர் நகர்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் நெடுங்காலம் அவளோடு பேசவில்லை.

அவள் பெயர் மலையாளப் பத்திரிகைகளில் வந்தது. தெருவில் ஜன்னல்கள் மூடிக்கொண்டன. மறுபடி ஒரு கல்யாணப் பேச்சு அவளுக்கு எழவேயில்லை. அவள் கொடுத்த அடையாளங்களை வைத்து, சில வருடங்கள் கழித்து வடக்கே ஒரு நகரத்தில் அவனைப் பிடித்தார்கள். அவளே ரயிலேறிப் போய் இவன்தான் என்று காட்டிவிட்டு வந்தாள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்த நாகர்கோவில் பெண் எங்கே என்பதை மட்டும் அவன் கடைசிவரை சொல்லவில்லை. தெரியாது என்றே சாதித்தான்.

என் தோழி ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகி ஓய்வு பெற்றாள். கடைசிக் காலத்தில் அப்பாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சென்செய் கணவர் இறந்தபின் ஜப்பான் திரும்பினார். சங்கம் அதோடு முடிந்தது. எங்களுக்குள் அந்த விஷயத்தை நாங்கள் பேசுவதே இல்லை. போன வருடம் நான் கரமனைக்குப் போயிருந்தபோது, துலா மழை பிடித்துக்கொண்டு வெளியே கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில், அவளே தொடங்கினாள். போலீசுக்குப் போன மறுவாரம் நாங்கள் இருவரும் பஸ் பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தோம். அன்று அந்தப் பெண்ணின் அம்மா இவளை மட்டும் உள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் வெளியே, அந்தப் பெண்ணின் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது இவள் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை.

"அந்த அம்மா என் கையைப் பிடிச்சுண்டா" என்றாள் தோழி. "நீ ஏதோ ஒரு பாஷையில பேசித் தப்பிச்சியாமே மக்களே, அப்படி என்னதான் சொன்னே, எனக்கும் சொல்லுன்னு கேட்டா. பெரிய மந்திரம் மாதிரி நெனைச்சுண்டிருந்தா, பாவம். எனக்குப் போக இஷ்டமில்லை, அவ்வளவுதான் சொன்னேன் அம்மான்னேன்."

மழை சற்றுக் குறைந்தது. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ என் கையை விட்டுட்டா. இதத்தானே எம் பொண்ணும் சொன்னா, தமிழிலதானே சொன்னான்னு கேட்டா."